ஒரே ஆர்எக்ஸ் பின்னுல ஜிபிஎஸ், எக்கோ, ஏஐஎஸ்: எது கெட்டா எங்க பாக்கணும்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் படகுக்கு சின்னதா ஒரு டிஸ்ப்ளே பொட்டி செஞ்சு குடுக்குறேன். உள்ள ஒரு ஆர்டுவினோ நானோ போர்டு, நாலு லைன்ல ஒண்ணை மட்டும் தேர்ந்து உள்ள விடுற 4052 ஐசி ஒண்ணு, நாலு வரி எல்சிடி, அவ்வளவுதான். இடம் சொல்ற ஜிபிஎஸ், ஆழம் சொல்ற எக்கோ சவுண்டர், பக்கத்துக் கப்பலைச் சொல்ற ஏஐஎஸ் ரிசீவர் மூணும் சீரியல்ல (ஒரு வயர்ல ஒவ்வொரு பிட்டா) பேசுது, நானோல ஹார்டுவேர் சீரியல் ஒண்ணே ஒண்ணுதான், அதனால 4052 வச்சு ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி கேக்குறோம். இதே மாதிரி செஞ்சு மாட்டிக்கிட்டவங்க வாரத்துக்கு ரெண்டு பேராவது போன் பண்றாங்க, திரும்பத் திரும்ப அதே ஏழெட்டு கோளாறுதான். அதான் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். உங்க கண்ணுக்கு என்ன தெரியுதோ அந்த தலைப்புக்கு நேரா போயிருங்க, ஒவ்வொண்ணுலயும் காசு செலவில்லாத காரணத்தை முதல்லயும் செலவு வைக்கிறதை கடைசிலயும் வச்சிருக்கேன்.

என் வயரிங் எப்படின்னு சொல்லிடுறேன், கீழ பின் நம்பர் சொல்லும்போது குழம்பாம இருக்கும். 4052ல 16வது பின் 5 வோல்ட், 7ம் 8ம் ரெண்டுமே கிரவுண்டு, 10வது பின்னும் 9வது பின்னும் சேனல் செலக்ட் பண்றது, நானோவோட டி2, டி3ல இருந்து வருது. 6வது பின் இன்ஹிபிட் (ஐசியை மூடுற பின்), அது டி4ல. 13வது பின் பொது வழி, அது நேரா நானோ காது குடுத்துக் கேக்குற ஆர்எக்ஸ்க்கு, அதாவது 0வது பின்னுக்கு. ஜிபிஎஸ் மாட்யூல் 0வது சேனல்ல 9600 ஸ்பீடு, எக்கோ 1ல 4800, ஏஐஎஸ் 2ல 38400. சும்மா இருக்கிற 3வது சேனலை 10 கே ரெசிஸ்டர் போட்டு 5 வோல்ட்டுக்கு இழுத்து வச்சிருக்கேன்.

எதுல கை வைக்கிறதுக்கு முன்னாடியும் ஒண்ணு செய்யுங்க. 4052வை மறந்துட்டு, ஒவ்வொரு டிவைஸையும் தனியா யூஎஸ்பி சீரியல் கன்வர்ட்டர் வழியா லேப்டாப்புல போட்டு பாருங்க. ஆர்எஸ்232 வோல்ட்டேஜ் (பிளஸ்லயும் மைனஸ்லயும் போறது) வர்ற டிவைஸா இருந்தா அதுக்கான கன்வர்ட்டர் வேணும், டிடிஎல் (0க்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவுல மட்டும் ஓடுறது) கன்வர்ட்டர்ல சொருகிடாதீங்க. அங்கயே டிவைஸ் அனுப்புற எழுத்து வரி வரலன்னா பொட்டியைக் குறை சொல்லி பிரயோஜனம் இல்ல. பாதி நாள் எனக்கு இங்கயே விடை கெடைச்சிருக்கு.

எதுவுமே வரல, எல்லா சேனலும் காலி

முதல்ல 6வது பின்னுல மீட்டரை வைங்க. அது கிரவுண்டுல இருக்கணும், 5 வோல்ட் காட்டுனா ஐசி மொத்தமா மூடிக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம், புரோகிராம்ல டி4ஐ அவுட்புட்டா வச்சு லோ பண்ண மறந்திருப்பீங்க. அடுத்து 7வது பின். இது நெகட்டிவ் வோல்ட்டேஜுக்கான பின், நமக்குத் தேவையில்லைன்னு நிறைய பேர் அந்தரத்துல விட்டுடுறாங்க. விடக்கூடாது, 8வது பின்னோட சேத்து கிரவுண்டுல போடணும், இல்லன்னா ஒரு நாள் ஓடும் ஒரு நாள் ஓடாது, நீங்க தலையைப் பிச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க.

பிறகு டிவைஸோட கிரவுண்டு வயர். டிஎக்ஸ் வயர் (டிவைஸ் பேசுற வயர்) ஒண்ணை மட்டும் இழுத்துட்டு வந்து கிரவுண்டை விட்டவங்களை நான் எத்தனையோ பேர் பாத்திருக்கேன். ஆப்டோ கப்ளர் (வயர் சேராம வெளிச்சத்தால சிக்னலைக் கடத்துற ஐசி) போடாத எந்த லைனா இருந்தாலும் ரெண்டு பக்க கிரவுண்டும் சேரணும்.

ஆப்டோ போட்ட லைன்னா 13வது பின்னுல மீட்டரை வச்சு, டிவைஸ் சும்மா இருக்கும்போது எவ்வளவுன்னு பாருங்க. 5 வோல்ட் கிட்ட இருந்தா சரி. 0 கிட்டயே ஒட்டிக்கிட்டு நின்னா டிவைஸ்ல இருந்து வர்ற ஏ வயரும் பி வயரும் மாறிப் போச்சு, ரெண்டையும் தலைகீழா மாத்திப் போடுங்க. படகு சாமான் எல்லாம் பேசுற முறையான என்எம்இஏ 0183ல சும்மா இருக்கிற நேரம் ஏ, பியை விட கீழ இருக்கும், அப்ப ஆப்டோக்குள்ள எல்இடி எரியக்கூடாது. மாறிட்டா எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், ஆர்எக்ஸ் எப்பவும் லோவுலயே கெடக்கும். ரெண்டு நிமிச வேலைதான்.

ஏஐஎஸ் மட்டும் வரல, மத்தது ரெண்டும் நல்லா வருது

வயரைத் தொடாதீங்க, முதல்ல புரோகிராமைப் பாருங்க. ஜிபிஎஸ், எக்கோ வரியெல்லாம் டாலர் குறியில ஆரம்பிக்கும், ஏஐஎஸ் கப்பல் தகவல் வரி ஆச்சரியக்குறியில ஆரம்பிக்கும். டாலர் வர்ற வரைக்கும் எல்லாத்தையும் தூக்கிப் போடுன்னு எழுதியிருந்தீங்கன்னா ஏஐஎஸ் ஒரு வரி கூட உள்ள வராது. இதுக்காக ஒருத்தர் புது ரிசீவரே வாங்கிட்டு வந்துட்டாரு, அதுக்கு முன்னாடி கேட்டிருந்தா அந்தக் காசு மிச்சமாயிருக்கும்.

அது சரியா இருந்தா ஆப்டோவைப் பாருங்க. பிசி817 மாதிரி சாதா ஆப்டோ 4800ல தாங்கும், ஒரு பிட்டு 208 மைக்ரோ செகண்டு, அவசரம் இல்ல. 38400ல ஒரு பிட்டு 26 மைக்ரோ செகண்டுதான், சாதா ஆப்டோ அணைஞ்சு எழும்புறதுக்குள்ள அடுத்த பிட்டு வந்துரும். அந்த லைனுக்கு 6என்137 போடுங்க.

வரி வருது ஆனா நடுவுல வெட்டுப்பட்டு வருதுன்னா எல்சிடிதான் காரணம். ஆர்டுவினோ சீரியல் பஃபர் 64 பைட்டுதான், 38400ல அது நெறைய 17 மில்லி செகண்டு போதும். நாலு வரி எல்சிடியை முழுசா ஒரு தடவை எழுதி முடிக்க அதை விட அதிக நேரம் ஆகுது. அதனால கேக்குற நேரத்துல எல்சிடி பக்கம் போகாதீங்க, ஒரு முழு வரி கைக்கு வந்ததுக்கு அப்புறம் மாறுன எழுத்தை மட்டும் எழுதுங்க.

எழுத்து வருது, ஆனா குப்பையா வருது

ஸ்பீடு. பத்துல ஏழு தடவை இதுதான். சேனல் மாத்துறப்ப ஸ்பீடையும் சேத்து மாத்தணும்: சீரியல் எண்டு குடுத்துட்டு, சேனலை மாத்திட்டு, புது ஸ்பீடுல சீரியல் பிகின். 9600ல வச்சுக்கிட்டே எக்கோ சேனலுக்குப் போனா குப்பைதான் கெடைக்கும். அந்த ஜிபிஎஸ் மாட்யூல் வாங்குறப்ப 9600ல இருக்கும், ஆனா யாராவது முன்னாடி மாத்தி வச்ச பழைய மாட்யூலா இருந்தா லேப்டாப்புல போட்டுப் பாத்தாதான் தெரியும்.

ஸ்பீடு சரியா இருந்தும் குப்பைன்னா, டிவைஸோட டிஎக்ஸ் வயர்ல சும்மா இருக்கிற நேரம் கிரவுண்டை வச்சு வோல்ட்டேஜ் பாருங்க. 3.3 இல்ல 5 வோல்ட்டு காட்டுனா அது டிடிஎல், நேரா குடுக்கலாம். மைனஸ்ல காட்டுனா அது ஆர்எஸ்232, பிட்டு எல்லாம் தலைகீழா இருக்கும், நேரா 4052க்கு குடுக்கவே கூடாது. நடுவுல மேக்ஸ்232 ஐசி போடுங்க, வோல்ட்டேஜையும் இறக்கும், தலைகீழா இருக்கிறதையும் நிமித்தும்.

இப்ப கொஞ்சம் சிக்கலான காரணம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மீன்பிடித் தடைக்காலம் முழுசா ஆச்சு. எழுத்து பெரும்பாலும் சரியா வரும், அங்கங்க ஒண்ணு ரெண்டு மட்டும் கெட்டு வரும், செக்சம் (வரி முழுசா சரியான்னு பாக்க கடைசில வர்ற எண்) தப்பாகும். மீட்டர்ல பாத்தா எல்லாம் சரி. நானோ போர்டுல யூஎஸ்பி ஐசிக்கும் ஆர்எக்ஸ் பின்னுக்கும் நடுவுல 1 கே ரெசிஸ்டர் ஒண்ணு இருக்கு, யூஎஸ்பி ஐசி அது வழியா ஆர்எக்ஸை எப்பவும் மேல இழுத்துக்கிட்டே இருக்கும். கடைல 4052ன்னு கேட்டா சிடி4052 குடுப்பாங்க, அது 5 வோல்ட்டுல ஓடும்போது உள்ளயே 400, 500 ஓம் இருக்கும். டிவைஸ் லோ அனுப்பும்போது ஒரு பக்கம் 1 கே மேல இழுக்குது, இன்னொரு பக்கம் 500 ஓம் வழியா கீழ இழுக்குது, கடைசில ஆர்எக்ஸ்ல 1.6 வோல்ட் கிட்ட நிக்குது. ஏடிமெகா328க்கு லோன்னா 1.5க்குள்ள இருக்கணும். அதான் சில நேரம் லோன்னு எடுத்துக்குது, சில நேரம் இல்லங்குது.

மருந்து: 74எச்சி4052 (74HC4052) கேட்டு வாங்குங்க, காலெல்லாம் ஒண்ணுதான், உள்ள இருக்கிற ரெசிஸ்டன்ஸ் சாதாரணமா நூறு ஓமுக்குள்ளதான். அதுலயும் பிசி817 லைன் மட்டும் உடைஞ்சா, அந்த ஆப்டோவுக்கு 1 கேவை எதுத்து இழுக்க சக்தி பத்தலன்னு அர்த்தம், 4800 லைனுக்கு 6என்138 நல்லா இழுக்கும். புதுசா போர்டு போடுறவங்க 74எச்சிடி253 (74HCT253) போட்டீங்கன்னா இந்தத் தொல்லையே இல்ல, அது உள்ள வர்றதை வாங்கிட்டு தன் சொந்த பலத்துல வெளிய தள்ளும். எச்சிடின்னு கேளுங்க, வெறும் எச்சி வேண்டாம், 5 வோல்ட்டுல ஓடுற எச்சி ஐசி 3.5க்கு மேல வந்தாதான் ஹைன்னு ஒத்துக்கும், ஜிபிஎஸ் மாட்யூல் குடுக்குறது 3.3தான்.

தனித்தனியா ஓடுது, சேத்து மாட்டுனா ரெண்டும் செத்துருது

ஐசியே இல்லாம ரெண்டு டிஎக்ஸ் வயரையும் முறுக்கி ஒரே பின்னுல குடுத்திருப்பீங்க. ஒண்ணு ஹைன்னு தள்ளும், இன்னொண்ணு லோன்னு இழுக்கும், ரெண்டும் மல்லுக்கட்டும், நடுவுல ரெண்டு ரெண்டரை வோல்ட்டுல நிக்கும். ரொம்ப நாள் விட்டா ரெண்டுல ஒரு டிவைஸோட அவுட்புட் போயிரும். உடனே பிரிங்க.

ஐசி இல்லாமதான் செய்யணும்னா ஒவ்வொரு டிஎக்ஸ்லயும் ஒரு டையோடு, கோடு போட்ட பக்கம் டிவைஸைப் பாத்து, மறுபக்கம் எல்லாத்தையும் சேத்து 4.7 கே ரெசிஸ்டர் வழியா 5 வோல்ட்டுக்கு. ஆனா நானோவோட 0வது பின்னுல இதைப் போட்டா மேல சொன்ன அந்த 1 கே இங்கயும் வந்து நிக்கும், சாஃப்ட்வேர் சீரியல் வச்சு வேற பின்னுல போடுங்க. இன்னொண்ணு, ரெண்டும் ஒரே நேரத்துல பேசாதுன்னு உறுதியா தெரிஞ்சாதான் இது ஆகும், வேகமும் ஒண்ணா இருக்கணும். ஜிபிஎஸ்ஸும் எக்கோவும் செகண்டுக்கு ஒரு தடவை தானா பேசிக்கிட்டே இருக்கிறது, கேட்டா மட்டும் பேசுற சாமான் இல்ல. அதுக்கு டையோடு வேலைக்கு ஆகாது.

சேனல் மாறி வருது, இல்ல ஒண்ணுல இன்னொண்ணு கசியுது

0வது சேனல் சரியா வருது, ஆனா 1 கேட்டா 2 வருது, 2 கேட்டா 1 வருதுன்னா, 9க்கும் 10க்கும் போற வயரை மாத்திக் குடுத்திருக்கீங்க. 0ம் 3ம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிங்கறதால அது மட்டும் எப்பவும் சரியா இருக்கும், அதை வச்சே கண்டுபிடிச்சிரலாம்.

எந்த சேனல் வரும்னே சொல்ல முடியாம கண்டபடி வந்தா, டி2, டி3ஐ அவுட்புட்டா வைக்காம விட்டிருப்பீங்க. இஎஸ்பி32 வச்சு செஞ்சவங்களுக்கு வேற ஒரு காரணம் இருக்கு: 4052வை 5 வோல்ட்டுல ஓட்டிக்கிட்டு செலக்ட் பின்னுக்கு 3.3 குடுத்தா அது ஹைன்னு நிச்சயமா எடுக்காது. எச்சி4052வை 3.3லயே ஓட்டுங்க, உள்ள வர்ற எல்லா லைனும் 3.3க்கு மேல போகாம பாத்துக்குங்க, இல்லன்னா இஎஸ்பி பின்னே போயிரும்.

ஒரு சேனல்ல கேபிளை சொருகுனதும் மத்த சேனல்லயும் குப்பை வருதுன்னா அந்தக் கேபிள்ல மைனஸ் வோல்ட்டேஜோ, ஐசியோட சப்ளையை விட அதிகமோ வருது. செலக்ட் பண்ணாத சேனல்தானேன்னு நினைக்காதீங்க, ஐசிக்குள்ள இருக்கிற பாதுகாப்பு டையோடு வழியா கரண்டு பாஞ்சு ஓடிட்டு இருக்கிற சேனலையும் கெடுக்கும். அந்தக் கேபிளைக் கழட்டுங்க, மேக்ஸ்232 இல்ல ஆப்டோ போட்ட பிறகு மாட்டுங்க. அதுக்கப்புறமும் கசிஞ்சா ஐசி ஏற்கனவே வெந்துருச்சு, மாத்திருங்க. சாக்கெட்டு போட்டு வச்சிருந்தா ஒரு நிமிசத்துல முடியும்.

சேனல் மாத்துனதும் முதல் வரி உடைஞ்சு வருது

இது கோளாறே இல்ல, புரோகிராம்ல ஒரு வேலை பாக்கி இருக்கு. நீங்க மாறிப் போன நேரத்துல அந்த டிவைஸ் பாதி வரியை ஏற்கனவே சொல்லி முடிச்சிருக்கும். ஒரு வரி அதிகபட்சம் 82 எழுத்து, 4800ல அது 170 மில்லி செகண்டு ஓடுது, நடுவுலதான் போய் நிப்பீங்க.

சேனல் மாத்துங்க, ஒரு அஞ்சு மில்லி செகண்டு விடுங்க, பஃபர்ல இருக்கிறதை எல்லாம் ஒவ்வொண்ணா படிச்சுத் தூக்கிப் போடுங்க, டாலரோ ஆச்சரியக்குறியோ வர்ற வரைக்கும் எதையும் சேக்காதீங்க, வரி முடிஞ்சதும் நட்சத்திரக்குறிக்கு அப்புறம் இருக்கிற செக்சம் ஒத்துப் போனா மட்டும் எடுத்துக்குங்க. இங்க நிறைய பேர் சீரியல் ஃப்ளஷ் குடுத்தா பஃபர் காலியாயிரும்னு நம்பிட்டு இருக்காங்க. ஆர்டுவினோ 1.0 வந்ததுல இருந்து அது அனுப்புறது முடியிற வரைக்கும் காத்திருக்கும், அவ்வளவுதான், உள்ள வந்ததைத் தொடாது.

ஒரு சேனல்ல எவ்வளவு நேரம் நிக்கணும்னா, செகண்டுக்கு ஒரு தடவை பேசுற சாமானுக்கு ரெண்டு செகண்டாவது குடுங்க. அரை செகண்டு நின்னுட்டு ஓடுனா அது வாயைத் திறக்குறதுக்குள்ள நீங்க போயிருப்பீங்க.

நம்பர் வருது, ஆனா மாறவே மாட்டேங்குது

எல்லாத்தையும் விட இதுக்குதான் நான் பயப்படுவேன். குப்பை எழுத்து வந்தா டிரைவருக்கு பொட்டி கெட்டுப்போச்சுன்னு தெரியும். பழைய நம்பர் அழகா நின்னுச்சுன்னா யாருக்கும் தெரியாது.

பாம்பன்ல ஒரு படகுல நடந்தது. டிரைவர் அண்ணன் கரைக்கு வந்ததும் நேரா என்கிட்டதான் வந்தாரு. "தம்பி, ஒரு மணி நேரமா உன் பொட்டி நாலு பாகம், நாலு பாகம்னே சொல்லுது. கடல் தரை என்ன சிமெண்டு போட்டு வச்ச மாதிரியா இருக்கு?" (ஒரு பாகம்னா ஆறு அடி.) போய்ப் பாத்தா எக்கோ கேபிளோட பிளக்கு அலையில ஆடி ஆடி பாதி கழண்டு நிக்குது, வரியே வரல, என் புரோகிராம் கடைசியா வந்த நம்பரை அப்படியே காட்டிக்கிட்டு இருந்திருக்கு. அவரு அனுபவஸ்தர், தண்ணி நிறத்தையும் அலை உடையிறதையும் பாத்தே ஒதுங்கி வந்துட்டாரு. பார் (கடலடிப் பாறை) இருக்கிற இடத்துல புதுப் பையன் ஒருத்தன் வீல் பிடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? அன்னைக்கு ராத்திரியே அதுவரை குடுத்த எல்லா பொட்டிக்கும் புரோகிராமை மாத்தி எழுதுனேன், ஒரு வாரம் ஆச்சு எல்லா படகையும் தேடிப் புடிச்சு ஏத்தி முடிக்க.

அதனால முதல் செக்கு: ஒவ்வொரு டிவைஸுக்கும் கடைசியா சரியான வரி எப்ப வந்துச்சுன்னு மில்லிஸ் நேரத்தை (போர்டு ஓட ஆரம்பிச்சதுல இருந்து எத்தனை மில்லி செகண்டுன்னு) குறிச்சு வைக்கிறீங்களா? இல்லன்னா இன்னைக்கே வைங்க. என் பொட்டியில ஜிபிஎஸ் ரெண்டு செகண்டு, எக்கோ ரெண்டு, ஏஐஎஸ் நாலு, ஒரு சுத்து எட்டு செகண்டு. 12 செகண்டுக்குள்ள புது வரி வரலன்னா நம்பரை அழிச்சுட்டு வெறும் கோடு போடுறேன். எட்டு நாட் (மணிக்கு எட்டு கடல் மைல்) வேகத்துல போற படகு 12 செகண்டுல 50 மீட்டர் போயிருக்கும், அதுக்கு மேல பழைய நம்பரை வச்சிருக்க எனக்கு மனசு ஒப்பல. எல்லைக் கோடு பக்கத்துல இருக்கிற வடகடல்ல தொழில் பாக்குறவங்களுக்கு இது விளையாட்டு இல்ல.

வரி வந்துக்கிட்டே இருக்கு, ஆனா இடம் மாறலன்னா ஜிபிஎஸ்ஸோட ஆர்எம்சி (RMC) வரியில நேரத்துக்கு அடுத்து வர்ற எழுத்தைப் பாருங்க. A இருந்தா கணக்கு செல்லும், V இருந்தா செல்லாது. V வந்தா அந்த வரியில என்ன நம்பர் இருந்தாலும் காட்டாதீங்க. வீட்டுக்குள்ள மேசையில வச்சு டெஸ்ட் பண்றப்ப வரி முழுக்க கமா கமாவா வர்றதும் இதனாலதான், ஐசிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போய் அஞ்சு நிமிசம் வானத்தைப் பாக்க வைங்க.

எக்கோவோட டிபிடி (DBT) வரியில ஆழம் மூணு தடவை வரும்: அடி, மீட்டர், கடைசில ஃபேதம். அந்தக் கடைசி நம்பரைத்தான் நம்ம ஆளுங்களுக்கு பாகம்னு காட்டணும். அடியை எடுத்துப் பாகம்னு போட்டு ஆறு மடங்கு ஆழம் காட்டுன பொட்டியையும் பாத்திருக்கேன். புதுசா எழுதுனவங்க ஒரு தடவை கயிறு கட்டி குண்டு இறக்கி அளந்து ஒத்துப் பாருங்க.

புரோகிராம் ஏற மாட்டேங்குது

லேப்டாப்புல நாட் இன் சிங்க்னு எரர் வருதா, 0வது பின்னுல டிவைஸ் ஒட்டிக்கிட்டு பேசிக்கிட்டு இருக்கு, 1 கேக்கு அந்தப் பக்கம் இருக்கிற யூஎஸ்பி ஐசி குரல் உள்ள எட்டல. அந்த வயரைக் கழட்டிட்டு ஏத்துங்க.

ஒவ்வொரு தடவையும் கழட்டாம இருக்க, 6வது பின்னுக்கு 10 கே போட்டு 5 வோல்ட்டுக்கு இழுத்து விடுங்க. நானோ ரீசெட் ஆகுற நேரம் டி4 சும்மா இருக்கும், 10 கே இன்ஹிபிட்டை மேல தூக்கி 4052வை மூடிரும், புரோகிராம் தடையில்லாம ஏறும். ஓட ஆரம்பிச்சதும் டி4 லோவாகி கதவு திறக்கும். படகுல உக்காந்து மடில லேப்டாப்பு வச்சுக்கிட்டு புரோகிராம் ஏத்துறவங்களுக்கு இந்த ஒரு ரெசிஸ்டர் எவ்வளவு பெரிய உதவின்னு போட்டவங்களுக்குத் தெரியும்.

மேசையில ஓடுது, படகுல ஓடல

எஞ்சின் ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் பொட்டி அணைஞ்சு எழும்புதுன்னா பேட்டரி வோல்ட்டேஜ் அந்த நேரம் விழுது. எஞ்சின் ஓடுன பிறகு பொட்டியை ஆன் பண்ணிப் பாருங்க, சரியாயிருச்சுன்னா அதான் காரணம். பொட்டிக்குள்ள கரண்டு வர்ற இடத்துல ஒரு டையோடு, அதுக்கப்புறம் பெரிய கெப்பாசிட்டர் ஒண்ணு வைங்க. 24 வோல்ட்டு படகுல நானோவோட வின் (VIN) பின்னுல நேரா குடுத்துடாதீங்க, பக் கன்வர்ட்டர் வச்சு 5க்கு இறக்கிக் குடுங்க. 4052 காலுக்குப் பக்கத்துலயே 104 கெப்பாசிட்டர் ஒண்ணு இருக்கட்டும்.

எஞ்சின் ஓடுறப்ப மட்டும் குப்பை வருதுன்னா மீட்டரை ஏசி மில்லிவோல்ட்லயும் டிசியிலயும் மாத்தி மாத்தி வச்சு, பொட்டி கிரவுண்டுக்கும் எக்கோ கிரவுண்டுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு பாருங்க, வின்ச்சும் ஓடட்டும். ஒரே கிரவுண்டுன்னா கிட்டத்தட்ட 0 இருக்கணும், அரை வோல்ட்டுக்கு மேல ஆடுனா ரெண்டும் வேற வேற இடத்துல இருந்து நெகட்டிவ் எடுத்திருக்கு. ரெண்டையும் பேட்டரி கிட்ட ஒரே போல்ட்டுக்கு கொண்டு வாங்க, முடியலன்னா ஆப்டோ போட்டு கிரவுண்டைப் பிரிச்சிருங்க. வயர்லெஸ் மைக்கை அமுக்குறப்ப மட்டும் குப்பைன்னா சிக்னல் வயர் ஆன்டெனா கேபிளோட ஒட்டி ஓடுது, தள்ளிக் கட்டுங்க.

மத்தது எல்லாம் உப்பு. இங்க கச்சான் அடிச்சாலும் வாடை அடிச்சாலும் காத்துல உப்புதான். பிளக்கைக் கழட்டுனா பின்னு மேல பச்சையா களிம்பு பூத்திருக்கும், அதைச் சுரண்டிட்டு மாட்டுனா ரெண்டு வாரம் ஓடும், திரும்பப் போயிரும். ஏன்னா களிம்பு பின்னுல மட்டும் இல்ல, வயருக்குள்ள ஏறிப் போயிருக்கும். பிளாஸ்டிக்கை ஒரு இஞ்சு உரிச்சுப் பாருங்க, செம்பு பளபளன்னு இல்லாம கருப்பா இருந்தா இன்னொரு இஞ்சு வெட்டுங்க, செம்பு நிறம் தெரியிற வரைக்கும் வெட்டிக்கிட்டே போங்க. கருத்த செம்புல ஈயம் ஒட்டாது, ஒட்டுன மாதிரி உருண்டு நிக்கும். புது வயர் வாங்குனா ஈயம் பூசுன வெள்ளை வயரா வாங்குங்க, உள்ள பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் போடுங்க.

போர்டு நனைஞ்சிருந்தா நல்ல தண்ணில அலசி, ஐபிஏல (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) கழுவி, நல்லா காய வச்ச பிறகுதான் கரண்டு. பொட்டியை அடைக்க வினிகர் வாசம் அடிக்கிற சிலிக்கான் வேண்டாம், அந்த வாசமே செம்பைத் தின்னுரும், உப்புத் தண்ணியே படாத பொட்டிக்குள்ள களிம்பு பாத்து நான் திகைச்சு நின்னது இதனாலதான். வாசம் இல்லாத வகை கெடைக்குது. வயர் எல்லாம் பொட்டிக்கு அடிப்பக்கமா உள்ள போகட்டும், போறதுக்கு முன்னாடி கீழ ஒரு வளைவு விடுங்க, வயர் வழியா ஓடி வர்ற தண்ணி அந்த வளைவுலயே சொட்டிரும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், படகு கரையில நிக்கிற அந்த 61 நாளுக்குள்ள எல்லா பிளக்கையும் ஒரு தடவை கழட்டிப் பாத்துருங்க.

எப்ப கையை எடுத்துட்டு ஆளைக் கூப்பிடணும்

மூணு டிவைஸும் ஒரு நொடி விடாம ஒரே நேரத்துல வேணும்னா 4052வோட சண்டை போடாதீங்க, ஒண்ணைக் கேக்குற நேரம் மத்த ரெண்டும் பேசுறது போனது போனதுதான். மெகா 2560ல நாலு ஹார்டுவேர் சீரியல் இருக்கு, இஎஸ்பி32ல மூணு. போர்டை மாத்துறதுதான் தீர்வு.

எஞ்சின் ஓடுறப்ப 12 வோல்ட்டு பேட்டரில 15க்கு மேல காட்டுனா ஆட்டோ எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க, ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டர் போயிருக்கு, பொட்டியை மாத்தி மாத்தி வச்சாலும் வெந்துக்கிட்டேதான் இருக்கும். எக்கோ சவுண்டர் தன் சொந்த திரையிலயே ஆழம் காட்டலன்னா அது அடியில இருக்கிற டிரான்ஸ்டியூசர், படகைக் கரையேத்திதான் பாக்கணும், அதைப் போடத் தெரிஞ்ச ஆளு வேணும். ஜிபிஎஸ் திரையில எல்லாம் நல்லா தெரியுது, டேட்டா வயர்ல மட்டும் மெனுல ஆன் பண்ணியும் ஒண்ணும் வரலன்னா அந்த போர்ட்டு போயிருச்சு, சர்வீஸ் சென்டர்தான், நீங்க திறந்தா வாட்டர் சீல் போயிரும். அரசாங்கம் குடுத்த டிரான்ஸ்பாண்டர், வயர்லெஸ் செட்டு ரெண்டையும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீங்க, அதுல இருந்து வயர் இழுக்கவும் வேண்டாம். ஆபத்துல அந்த ரெண்டும்தான் கரைக்குச் சொல்லும்.

அதே சேனல்ல மூணாவது ஐசியும் வெந்துச்சுன்னா நாலாவதை சொருகாதீங்க. அந்த கேபிளைக் கழட்டி வச்சுட்டு, ஆசிலோஸ்கோப் வச்சிருக்கிற ஆள்கிட்ட அந்த டிவைஸை எடுத்துட்டுப் போங்க. அதுவரைக்கும் பொட்டி மத்த ரெண்டு சேனலை வச்சு ஓடட்டும், அந்த வரியில கோடு நிக்கட்டும், டிரைவர்கிட்ட அந்த டிவைஸ் வேலை செய்யலைன்னு வாயாலயும் சொல்லிட்டு இறங்குங்க.